தகடு, வார், விங்: ஒற்றை டேங்க்குக்கு எந்தச் செட் சரி?

ஸ்கூபா டைவர் டேங்க்கை மாட்ட முதுகில் அணியும் தகடு, அதை உடம்போடு கட்டும் வார், மிதப்புக்குக் காற்றடைக்கும் பையான விங்: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பேக்பிளேட் விங். அதைக் கேட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே செட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, இடையில் வெட்டில்லாமல் ஒரே நீளமாக ஓடும் இரண்டு அங்குல நைலான் வார், 30 பவுண்டு தூக்கும், வளைய வடிவ டோனட் விங். நல்ல செட்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தமானிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ வாடகை அலுமினிய டேங்க்கை மாட்டிக்கொண்டு, 3 மி.மீ. தடிப்புள்ள ரப்பர் உடையான வெட்சூட்டிலோ வெறும் லைக்ரா உடையிலோ இறங்குகிறவருக்கு அந்த மூன்றில் வார் மட்டும்தான் அப்படியே பொருந்தும். தகட்டையும் விங்கையும் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

ஏன் என்றால் இந்த அமைப்பு பிறந்த இடம் வேறு. வடக்கு ஃபுளோரிடாவின் குகை டைவர்களுக்காக 1979-இல் கிரெக் ஃபிளானகன் முதல் தகட்டைச் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு வில்லியம் ஹோகார்த் மெயின் அதைச் சீர்படுத்தினார். ஒரே வாரால் ஆன ஹார்னஸை இன்றும் அவர் பெயரால் ஹோகார்த்தியன் என்கிறார்கள். அந்தக் குகை ஊற்றுகளில் தண்ணீர் 20 முதல் 22 டிகிரி. மணிக்கணக்கில் உள்ளே இருப்பதால் தடித்த உடை, முதுகில் இரட்டை டேங்க். கனமான தகடும் பெரிய விங்கும் அந்தத் தேவைக்கு வந்தவை. 29 டிகிரித் தண்ணீரில் 45 நிமிடம் பவளப்பாறை பார்க்கிறவருக்கு அதே எடை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

கணக்கை டேங்க்கிலிருந்து தொடங்க வேண்டும். நம் பக்கத்து டைவ் சென்டர்களில் அதிகம் புழங்குவது எஸ்80 எனப்படும் அலுமினிய டேங்க். உள்ளளவு 11.1 லிட்டர், அழுத்தம் 207 பார், காலி எடை 14 கிலோவுக்குச் சற்று மேல். லக்ஸ்ஃபர் டேங்க்கானால் நிறைந்திருக்கும்போது கடல்நீரில் ஏறத்தாழ 0.6 கிலோ மூழ்கும் தன்மை; முழுக்கக் காலியானால் 2 கிலோ மிதக்கும் தன்மை. நடுவில் இருக்கும் 2.6 கிலோ, நீங்கள் மூச்சாக இழுத்துத் தீர்த்த காற்றின் எடை. 50 பார் மிச்சம் வைத்து 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது டேங்க் சுமார் 1.4 கிலோ மேலே இழுக்கும். எடையைச் சரிபார்க்க வேண்டிய நேரம் அதுதான்: விங்கில் காற்றே இல்லாமல், டைவின் கடைசியில், ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும்.

மூச்சிழுக்கும் ரெகுலேட்டரும் அழுத்தம் காட்டும் கேஜும் சேர்ந்து தண்ணீருக்குள் சுமார் 1 கிலோ கீழே இழுக்கும். வளையங்கள், பக்கிள் எல்லாம் சேர்த்து 0.3 கிலோ என்று வையுங்கள். ஆக, தகடு இல்லாமலே 1.4-ஐ இவை கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகின்றன. இப்போது தகடு. ஸ்டீல் தகடு வெளியே 2.7 கிலோ என்றால் தண்ணீருக்குள் 2.4. அலுமினியத் தகடு வெளியே 0.9 கிலோ, தண்ணீருக்குள் 0.6 கூட வராது. தராசில் மூன்று மடங்கு வித்தியாசம், கடலில் நான்கு மடங்குக்கு மேல்.

லைக்ரா உடைக்கு மிதப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. உடல் வாகு நடுநிலை என்று வைத்தால், அலுமினியத் தகட்டோடு டைவின் முடிவில் அரை கிலோ கனமாக இருப்பீர்கள். அது சரியான இடம். ஸ்டீல் தகட்டோடு 2.3 கிலோ கனம். ஒரு துண்டு ஈயம்கூடக் கட்டாமலே 2 கிலோ அதிக எடையோடு டைவ் செய்கிறீர்கள். அதைத் தாங்க விங்கில் எப்போதும் 2 லிட்டர் காற்று இருந்தாக வேண்டும். 10 மீட்டருக்கு மேலே அந்தக் காற்று வேகமாக விரியும், ஏறும்போது கை ஓயாமல் காற்றை வெளியே விடும் டம்ப் வால்வைத் தேடும். சட்டைபோல் அணியும் மிதவை ஜாக்கெட்டிலிருந்து புதிதாக விங்குக்கு மாறியவர்கள் "பழைய ஜாக்கெட்டே பரவாயில்லை" என்று முணுமுணுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

3 மி.மீ. முழு வெட்சூட் என்றால் கதை மாறும். மேல்மட்டத்தில் அது 2 கிலோ வரை மிதக்கும், 5 மீட்டரில் ஒன்றரை. ஸ்டீல் தகட்டோடு ஈயமே இல்லாமல் கணக்கு முடிந்துவிடும். அலுமினியத் தகடானால் இடுப்பில் ஒன்று, இரண்டு கிலோ. 5 மி.மீ. சூட் போடுகிறவருக்கு ஸ்டீல் தகடு சந்தேகமில்லாமல் சரி, அதோடு இன்னும் ஒன்று இரண்டு கிலோ தேவைப்படலாம். உடம்பில் கொழுப்பு அதிகமிருந்தால் எல்லாவற்றிலும் ஒரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். ஒல்லியாக, தசை இறுகிய உடம்பானால் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் தொடக்கப்புள்ளி மட்டுமே. உங்கள் உடையோடு தண்ணீரில் நின்று பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

அலுமினியத் தகட்டுக்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. தகட்டைத் தண்ணீருக்குள் கழற்றிப் போட முடியாது. விங் கிழிந்தால், நிறைந்த டேங்க்கோடு ஸ்டீல் செட்டின் மூழ்கும் கனம் மொத்தம் 4.3 கிலோ. லைக்ராவில் இருப்பவர் அதைத் துடுப்பால் மட்டும் மேலே கொண்டுவருவது கடினம். அலுமினியத் தகடும் இடுப்பில் ஈயமுமாக இருந்தால் ஈயத்தை விட்டுவிடலாம். விமானப் பயணமும் இதே பக்கம்தான் பேசுகிறது: போர்ட் பிளேர் விமானத்தில் 15 கிலோ பெட்டிக்குள் ரெகுலேட்டர், துடுப்பு, சூட், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும், தகட்டில் மிச்சமாகும் 1.8 கிலோ சின்ன விஷயமில்லை. ஈயம் எந்த டைவ் சென்டரிலும் கிடைக்கும்.

ஆகவே எங்கள் பரிந்துரை: லைக்ராவோ 2 மி.மீ. அரை சூட்டோ போடுகிறவருக்கு அலுமினியம். 3 மி.மீ. முழு சூட்டானால் இரண்டில் எது வேண்டுமானாலும். பயணம் அதிகமானால் அலுமினியம். 5 மி.மீ. என்றால் ஸ்டீல். கார்பன் தகடு, துணித் தகடு எல்லாம் அழகாக இருக்கும், பெட்டியில் கனமே தெரியாது, ஆனால் மிச்சப்பட்ட எடையை அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் விலைக்கு நியாயம் குறைவு.

தகடு வாங்கும்போது கவனிக்க அதிகமில்லை. நடுவில் இருக்கும் இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே 11 அங்குலம், அதாவது 28 செ.மீ. இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனி விங்குகளும் இந்த அளவுக்குத்தான் வருகின்றன. இது மாறினால் பிற்பாடு இரட்டை டேங்க் பக்கம் போக முடியாது. ஒற்றை டேங்க்கைக் கட்டும் பட்டைகள் (கேம் பேண்ட்) நேரே நுழைய நீள்கண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முக்கியமானது விளிம்பு. வார் நுழையும் ஒவ்வொரு கண்ணிலும் விரலை விட்டுத் தடவுங்கள். நகம் மாட்டினால் அந்த இடம் ஒரு வருடத்தில் வாரை அறுக்கும். உள்ளூர் லேசர் கட்டிங் பட்டறையில் வெட்டி வாங்குகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தகட்டை வெட்டுவது எளிது, விளிம்பை மழுக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிரேடு. 316 என்று கேட்டு 304 வாங்கி வந்தால் உப்புக்காற்றில் சில மாதங்களில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் படரும். உடனே ஓட்டை விழாது, ஆனால் 316-இல் இருக்கும் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குவது. விலை வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம்.

அடுத்து விங். இங்கேதான் பணம் வீணாகிறது. பெரிது வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பு. விங்குக்கு மூன்று வேலைதான். நீங்கள் கழற்றிவிட்டாலும் செட் தனியாக மேலே மிதக்க வேண்டும். மேற்பரப்பில் உங்கள் தலை அலைக்கு மேலே நிற்க வேண்டும். ஆழத்தில் சூட் நசுங்கி இழந்த மிதப்பையும் இன்னும் மூச்சிழுக்காத காற்றின் எடையையும் ஈடுகட்ட வேண்டும். ஸ்டீல் செட் தனியாக மிதக்க 4.3 கிலோ. தண்ணீருக்கு மேலே தெரியும் தலைக்கு நான்கைந்து கிலோ சேருங்கள். மூன்றாவது கணக்கில் 2.6 கிலோ காற்றும், 30 மீட்டரில் 3 மி.மீ. சூட் இழக்கும் ஒன்றரை கிலோவும் சேர்ந்து நான்கு சொச்சம். எப்படிக் கூட்டினாலும் ஒன்பது கிலோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 9 கிலோ என்பது 20 பவுண்டு. ஸ்டீல் தகட்டுக்கு 26 முதல் 30 பவுண்டு வரை வைத்துக்கொள்ளலாம், கையிருப்பாக. அலுமினியத்துக்கு 20 முதல் 25 போதும். ஒற்றை அலுமினிய டேங்க்குக்கு 40 பவுண்டு விங் என்று யாராவது தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 40, 60 எல்லாம் இரட்டை டேங்க்குக்கும் குளிர்கடலின் தடித்த சூட்டுக்கும் உள்ளவை.

எண்ணைவிட முக்கியம் அகலம். இரட்டை டேங்க்குக்கு வகுத்த அகலமான விங்கை ஒற்றை டேங்க்கில் மாட்டினால் இரண்டு ஓரமும் மேலெழும்பி டேங்க்கைத் தோசைபோல் மடித்துக்கொள்ளும். மடிந்த மூலையில் காற்று சிக்கும். டம்ப் கயிற்றை இழுப்பீர்கள், வராது. உடம்பைத் திருப்பியதும் மொத்தமாக வெளியேறும். நீந்தும்போது இழுவையும் அதிகம். ஒற்றை டேங்க் விங் காற்றடைத்தபின் டேங்க்கின் பக்கவாட்டைத் தாண்டி அதிகம் துருத்தாமல் முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும்.

வடிவத்தில் டோனட், குதிரைலாடம் என இரண்டு. டோனட்டில் காற்று கீழ்ப்பக்கமும் சுற்றி வரும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடதுபக்க டம்ப் வால்வுக்கு வந்துசேரும். லாடத்தில் கீழே வழி அடைபட்டிருப்பதால் வலப்பக்கம் மாட்டிய காற்றை இடப்பக்கம் கொண்டுவர உடம்பை நிமிர்த்த வேண்டும். ஒற்றை டேங்க்குக்கு டோனட் என்று முடித்துக்கொள்ளலாம். இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. சுற்றிலும் ரப்பர் கயிறு கட்டிய விங் வேண்டாம். கயிறு சுருக்குவதால் காற்று எங்கேயோ ஒளியும், கிழிசல் விழுந்தால் கயிறே மிச்சக் காற்றையும் பிழிந்து வெளியேற்றும்.

துணி விஷயம். வெளியே கனத்த நைலான் உறை, உள்ளே தனிப் பை என்று இரண்டடுக்கில் வருவது நீடிக்கும். ஓட்டை விழுந்தால் ஜிப்பைத் திறந்து உள்பையை மட்டும் ஒட்டலாம் அல்லது மாற்றலாம். ஒற்றை அடுக்கு விங் மெல்லியது, சீக்கிரம் காயும், மடித்தால் சிறுக்கும். ஆனால் ஓட்டை விழுந்தால் விங்கையே ஒட்ட வேண்டும். பயணம் மட்டும் செய்கிறவருக்கு அது போதும். வாரந்தோறும் படகில் டேங்க்கோடு டேங்க் மோதி உருளும் இடத்தில் வேலை பார்க்கிற பயிற்றுநருக்கு இரண்டடுக்கே சரி.

பெயர் கேட்பவர்களுக்கு: ஹால்சியனின் எக்லிப்ஸ், போலந்தின் எக்ஸ்டீப் கம்பெனியின் ஜியோஸ், அதே நாட்டு டெக்லைனின் டோனட் வகைகள், ஏபெக்ஸின் டபிள்யூடிஎக்ஸ் வரிசை ஆகியவை ஒற்றை டேங்க்குக்கு நன்கு அறியப்பட்டவை. தைத்த தரத்திலும் வால்விலும் சிறு சிறு வேறுபாடு இருக்கும். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனியின் உள்பையும் வால்வும் உதிரியாகக் கிடைக்கும் என்பதுதான் தேர்வை முடிவுசெய்ய வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உதிரிபாகத்தால் பயனில்லை.

விங்குக்குக் காற்றடைக்கும் இன்ஃப்ளேட்டர் குழாய் பற்றி ஒரு வார்த்தை. நெளிவுக் குழாய் 35 முதல் 40 செ.மீ. போதும். ஜாக்கெட்டில் பழகியவர்கள் இதைக் குட்டை என்பார்கள். நீண்டால் வயிற்றுக்குக் கீழே தொங்கிப் பாறையில் உரசும். இடது தோள் வளையத்தோடு சின்ன ரப்பர் வளையத்தில் அடங்கி, வாய்க்கு எட்டி, தலைக்கு மேலே தூக்கினால் காற்றை விடவும் முடிந்தால் நீளம் சரி. ரெகுலேட்டரிலிருந்து அதற்குக் காற்று கொண்டுவரும் லோ பிரஷர் குழாய் 56 செ.மீ. இருந்தால் வளையாமல் பக்கத்திலேயே ஓடும்.

இனி வார். மூன்றில் மலிவானது, டைவின் சுகத்தை முடிவுசெய்வதும் அதுதான். கடைக்காரர் இதற்குக் கொடுக்கும் நேரம் ஐந்து நிமிடம். தேவை ஒரு மாலைப்பொழுது.

3.6 மீட்டர் வாரை இரண்டாக மடித்து நடுவில் பென்சிலால் குறியிடுங்கள். அந்த நடு, தகட்டின் பின்புறத்தில் மேல் இரண்டு கண்களுக்கு இடையே உட்காரும். இரு முனைகளும் முதுகுப்பக்கம் வெளிவந்து தோள்மேல் ஏறி, அக்குளுக்குக் கீழே சுற்றி, தகட்டின் கீழ்மூலைக் கண்களில் பின்னி நுழைந்து இடுப்புக்கு வரும். தகட்டின் அடிக் கண்ணிலிருந்து கவட்டு வார் தொடைகளுக்கு நடுவே முன்னே வரும். அதன் நுனிக் கொக்கிக்குள் இடுப்பு வாரை நுழைத்துத்தான் பக்கிள் போட வேண்டும். வார் விறைப்பாக இருப்பது நல்லது. மெத்தென்ற வார் கையில் பிடிக்க இதமாக இருக்கும். ஈரமானதும் சுருளும், பொருள் மாட்டும் டி-வளையங்கள் அவற்றை நிறுத்தும் ஸ்லைடரை மீறிக் கீழே வழுக்கும். புது வார் மரப்பலகைபோல் இருந்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் கையால் வளைத்துக் கொடுத்தால் பழகிவிடும்.

அளவெடுக்கும்போது உங்கள் வெட்சூட்டைப் போட்டுக்கொண்டே அளவெடுங்கள். பனியனில் அளந்து வைத்தால் கடலில் இறுகும். தகட்டின் மேல்விளிம்பு, தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பின் மட்டத்தில் நிற்க வேண்டும். தோள்வாருக்கும் மார்புக்கும் நடுவே விரித்த கை சிரமமின்றிப் போய்வர வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு இறுக்குவதுதான். முதுகோடு ஒட்டினால் ஸ்திரம் என்று எண்ணி இறுக்கியவர் கையைப் பின்னே கொண்டுபோய் டேங்க் வால்வைத் தொட முடியாமல் திணறுவார். படகுக்கு அருகில் செட்டைக் கழற்றும்போது இடக்கை மாட்டிக்கொள்ளும். செட்டை நிலையாகப் பிடிக்க வேண்டியது இடுப்பு வாரும் கவட்டு வாரும். தோள்வார் தளர்ந்தே இருக்கலாம்.

சோதனை எளிது. டேங்க் மாட்டி, சூட்டோடு செட்டை அணியுங்கள். பக்கிளைத் திறந்துவிட்டு இடது முழங்கையைத் தோள்வாருக்குள் மடக்கி வெளியே எடுங்கள். யார் உதவியும் இல்லாமல் வந்தால் சரி. வராவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு செ.மீ. தளர்த்தி மறுபடி பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். கண்ணளவு நம்பினால் தகடு ஒருபக்கம் சாய்ந்து, டைவ் முழுக்க உடம்பு ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும். காரணம் புரியாமல் ஈயத்தை மாற்றி மாற்றி வைப்பார்கள்.

மார்பு டி-வளையங்கள் அக்குள் மட்டத்தில் வரட்டும். கையை மடக்கிக் கட்டைவிரலை மார்பில் வைத்தால் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே. தாழ்த்தி வைத்தால் அதில் மாட்டிய டார்ச் வயிற்றுக்கடியில் ஊஞ்சலாடும். இடது இடுப்பில் ஒரு வளையம், பேண்ட்டின் பக்கத் தையல் இருக்கும் இடத்தில். பிரஷர் கேஜ் கிளிப் அங்கே. கவட்டு வாரின் பின்பக்கம் ஒரு வளையம், சர்ஃபேஸ் மார்க்கர் (இருக்கும் இடத்தை மேற்பரப்பில் காட்டும் மிதவை) மாதிரி பொருள்களுக்கு. ஒற்றை டேங்க்குக்கு இந்த நான்கு போதும். ஏழெட்டு வளையம் போட்டு விற்கும் ஹார்னஸ் நகைக்கடை பொம்மைக்குத்தான் பொருந்தும்.

பக்கிளை நட்டநடுவில் வைக்காமல் சற்றே வலப்பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் இருந்தால் கவட்டு வாரின் கொக்கி அதன் நாக்கில் உரசித் திறந்துவிட வாய்ப்புண்டு. கவட்டு வாரை இழுத்துக் கட்டாதீர்கள். தகட்டைக் கீழே இழுத்துத் தோளை அழுத்தும். நின்றபடி ஒரு கை போகும் தளர்வு போதும். தோள்வாரில் துணை டார்ச்சைக் கட்டிப்பிடிக்க ரப்பர் வேண்டுமென்றால் கடையில் வாங்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பை ஒரு செ.மீ. அகலத்தில் வளையமாக நறுக்கினால் அதைவிட நன்றாக உழைக்கும். அறுந்தால் பத்து பைசா செலவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: மிச்சமிருக்கும் வாரை வெட்ட அவசரப்படாதீர்கள். ஐந்தாறு டைவ் முடியட்டும். வெட்டிய பிறகு 5 மி.மீ. சூட் போட நேர்ந்தாலோ இடுப்பு பெருத்தாலோ வார் முழுதும் மாற்ற வேண்டியிருக்கும். பக்கிளைத் தாண்டி 15 முதல் 20 செ.மீ. வால் விட்டு வெட்டி, நுனியை லைட்டர் நெருப்பில் உருக்கி அழுத்துங்கள்.

தோளில் பஞ்சு வைத்த, கிளிப் போட்ட சுகமான ஹார்னஸ்கள் பற்றிக் கேட்பார்கள். தண்ணீருக்குள் தோளில் எடையே இல்லை. பஞ்சு உறுத்துவதைத் தவிர்ப்பது படகு வரைக்கும் 20 கிலோவைச் சுமக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். பதிலுக்கு அது மிதக்கும், காய நேரமெடுக்கும், பிளாஸ்டிக் கிளிப் உடையும். பொதுவாக வேண்டாம் என்போம். தோள்மூட்டு நோவு உள்ளவர், ஒரே செட்டைப் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் பயிற்சிமையம் ஆகிய இருவருக்கு மட்டும் அது சரியான பொருள். டைவ் ரைட்டின் டிரான்ஸ்பேக் இந்த வகையில் பழைய பெயர். லைக்ராவில் டைவ் செய்கிறவருக்கு முதுகில் மட்டும் ஒரு மெல்லிய பேட் பயன்படும், தகட்டு விளிம்பு தோலில் உரசாமல் இருக்க.

டேங்க்கை மாட்டும் கேம் பேண்ட் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. வாரைப் பக்கிளில் நுழைக்கும் வரிசையைச் சொந்தமாகக் கண்டுபிடிக்காமல் கம்பெனிப் படத்தைப் பார்த்தே நுழையுங்கள்; ஒரு கண் தவறினால் மேலே இறுக்கமாகத் தெரிந்தாலும் படகிலிருந்து குதிக்கும் அடியில் டேங்க் நழுவும். நைலான் நனைந்தால் இளகும். எனவே பேண்டைத் தண்ணீரில் நனைத்த பிறகே இறுக்கி, தகட்டைப் பிடித்துத் தூக்கி உலுக்கிப் பாருங்கள். எஸ்80-இன் விட்டம் 184 மி.மீ.; 12 லிட்டர் ஸ்டீல் டேங்க்கில் நெடியது 171, குட்டையானது 203 மி.மீ. டேங்க் மாறினால் பேண்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும். விங்கிலேயே டேங்க் உருளாமல் தாங்கும் இரு தண்டுகள் தைத்திருந்தால், நடுவில் போல்ட் போட்டு மாட்டும் தனி அடாப்டர் தேவையில்லை. அது டேங்க்கை முதுகிலிருந்து தள்ளி நிறுத்துவதால் உடம்பு எளிதாக உருளும்.

டேங்க்கின் உயரம் இரண்டு செ.மீ. மாறினாலே உடம்பின் சாய்வு மாறும். தலையைப் பின்னால் சாய்த்தால் ரெகுலேட்டரில் இடிக்காத மிக உயர்ந்த இடத்தில் தொடங்குங்கள். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக அடிப்பக்கம் மேலெழும், கூடவே காலும். முடிவில் கால் தூக்கினால் ஈயத்தில் ஒரு கிலோவைக் கீழ்ப் பேண்டின் பைக்கு மாற்றுங்கள். மேற்பரப்பில் விங் முகத்தைத் தண்ணீரில் தள்ளுகிறது என்ற புகார் பழையது. விங்கை வெடிக்கும்படி நிரப்புவதால் வருவது அது. பாதி நிரப்பி, பின்னால் சாய்ந்து படுத்தால் நாற்காலிபோல் இருக்கும்.

பராமரிப்பு அதிகமில்லை, தவறவிட்டால் விலை அதிகம். ஒவ்வொரு டைவ் நாளின் முடிவிலும் இன்ஃப்ளேட்டர் வாய்வழியே ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு, காற்றடைத்துக் குலுக்கி, டம்ப் வால்வு வழியே வடியுங்கள். உள்ளே உப்புப் படிகம் வளர்ந்தால் உள்பையைக் கீறும். அலுமினியத் தகட்டில் ஸ்டீல் போல்ட் இருந்தால் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள், பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். இரு உலோகமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். விங்கை நிழலில், சிறிது காற்றோடு தொங்கவிடுங்கள்.

பழையது வாங்குவோர் தகட்டையும் பக்கிளையும் தயங்காமல் வாங்கலாம், வாரைக் கழற்றிப் போட்டுப் புதிது போட்டால் முடிந்தது. விங்கை மட்டும் சோதிக்காமல் வாங்கக் கூடாது. டம்ப் வால்வு தானாகத் திறக்கும்வரை காற்றடைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே என்று பாருங்கள். வால்வு விளிம்பில் வந்தால் பெரும்பாலும் மணல். திறந்து கழுவினால் தீரும். இன்ஃப்ளேட்டர் குழாய் விங்கில் சேரும் முழங்கை வளைவின் அடியில் வந்தால் வாஷர். பேண்ட் நுழையும் கண்ணுக்கு அருகே, பையின் நடுவில் வந்தால் தகட்டுக்கும் டேங்க்குக்கும் இடையில் சிக்கி நசுங்கிய கிழிசல். அந்த விங்குக்கு உள்பை தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.